மொட்டமாடி டெலஸ்கோப்புல நிலா தலைகீழா தெரியுது, டப்பால 525 எக்ஸ்னு போட்டிருக்கு, ஒண்ணும் புரியல

சத்துவாச்சாரி மாடிவீடு:

எல்லாருக்கும் வணக்கம், நான் இங்க படிக்கிறதோட சரி, எழுதுறது இதான் மொத தடவ, தப்பா கேட்டிருந்தா திட்டாதீங்க. என் தம்பி துபாய்ல இருந்து லீவுக்கு வந்தப்போ எட்டாவது படிக்கிற என் பொண்ணுக்கு ஒரு டெலஸ்கோப் வாங்கிட்டு வந்தான். டப்பா மேல 60 எம்எம், 700 எம்எம்னு இருக்கு, அதுக்குக் கீழ கொட்ட எழுத்துல 525 எக்ஸ் பவர்னு போட்டு பக்கத்துல சனி கிரகத்த வளையத்தோட பளபளன்னு படம் போட்டிருக்கான். உள்ள பாத்தா ஒரு நீட்டு வெள்ளக் குழாய், லேசா காத்தடிச்சாலே ஆடுற மூணு கால் ஸ்டாண்டு, 20 எம்எம், 4 எம்எம்னு கண்ணு வெச்சுப் பாக்குற ரெண்டு ஐபீஸ், 3 எக்ஸ் பார்லோன்னு ஒண்ணு, 1.5 எக்ஸ் எரெக்டிங்னு ஒண்ணு, அப்புறம் பிளம்பர் போடற எல்போ மாதிரி வளைஞ்ச ஒரு துண்டு.

மொத நாள் நேரா சொருகி நிலாவ பாத்தா தலைகீழா இருந்துச்சு. எல்போவ போட்டா நேரா வந்துடுச்சு, ஆனா எதிர் தெரு மெடிக்கல் போர்ட பாத்தா எழுத்து எல்லாம் ஆம்புலன்ஸ் முன்னாடி எழுதியிருப்பாங்களே அந்த மாதிரி திருப்பிப் போட்டு தெரியுது. சரி பவர் ஏத்திப் பாக்கலாம்னு 4 எம்எம்மும் பார்லோவும் சேத்துப் போட்டா ரசத்துல கலக்குன மாதிரி ஒரு சாம்பல் கலர் தவிர ஒண்ணுமே தெரியல. 20 போட்டா நல்லா தெரியுது ஆனா நிலா ஓரத்துல ஊதாவும் செவப்புமா ஒரு கோடு வருது.

என் பொண்ணு கேக்குறா, குவிலென்ஸ் தலைகீழா தான் காட்டும்னு சயின்ஸ் புக்ல இருக்கு சரி, அப்போ மாமா வெச்சிருக்கிற பைனாகுலர்லயும் லென்ஸ் தான, அது மட்டும் எப்படி நேரா காட்டுது? அப்புறம் ஜவ்வாது மலைல காவலூர் வானாய்வகத்துல இருக்கிற பெரிய டெலஸ்கோப்புல முன்னாடி லென்ஸே இல்ல, மொகம் பாக்குற மாதிரி வெறும் கண்ணாடி தான்னு அவங்க மிஸ் சொல்லிட்டாங்களாம், அதனால நம்மளுது டம்மியாமான்னு மூஞ்ச தூக்கி வெச்சிக்கிட்டு இருக்கா. நான் பிகாம். தெரிஞ்சவங்க கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க ப்ளீஸ்.


ஆலங்காயம் ரோடு:

அக்கா, டெலஸ்கோப் டம்மி இல்ல, டப்பா மேல எழுதுனவன் தான் டம்மி.

525 எப்படி வந்துச்சுன்னு பாருங்க. முன்னாடி லென்ஸோட குவிய தூரம் 700, அத 4 ஆல வகுத்தா 175, பார்லோங்கிறது நடுவுல சொருகி பவர ஏத்துற லென்ஸ், உங்களுது 3 எக்ஸ், அதோட பெருக்குனா 525. கணக்கு சரி, ஆனா அது கணக்கு மட்டும் தான். டெலஸ்கோப்புல முன்னாடி லென்ஸ் ஒரு வேலை தான் செய்யும், தூரத்துல இருந்து வர வெளிச்சத்த வாங்கி குழாய் உள்ள பின் பக்கமா ஒரு குட்டி பிம்பம் உண்டாக்கும். ஐபீஸ்ங்கிறது அந்த குட்டி பிம்பத்த கிட்ட வெச்சுப் பாக்குற பூதக்கண்ணாடி. அவ்ளோ தான் மொத்த மிஷினே. அந்த குட்டி பிம்பத்துல எவ்ளோ நுணுக்கம் இருக்குங்கிறது முன் லென்ஸ் எவ்ளோ அகலம்ங்கிறத பொறுத்தது, உங்களுது 60 எம்எம், அதுக்கு சுமார் 1.9 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரிய 3600 பங்கா போட்டா ஒரு பங்கு தான் ஒரு ஆர்க் செகண்ட்) வரைக்கும் தான் பிரிச்சுக் காட்ட முடியும், அதுக்கு மேல பூதக்கண்ணாடிய எத்தன பெருசாக்குனாலும் இல்லாத விஷயத்த காட்டாது. பேப்பர்ல வர போட்டோவ லென்ஸ் வெச்சுப் பாத்தா ஆளு மூஞ்சி பெருசா தெரியாது, புள்ளி தான் பெருசா தெரியும்ல, அந்த கதை. பொதுவா ஒரு எம்எம்முக்கு ரெண்டு மடங்குன்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, உங்களுக்கு 120 தான் உச்சம், அதுவும் காத்து அசையாம இருக்குற ராத்திரில. 525ல வெச்சா ஐபீஸ்ல இருந்து வெளிய வர வெளிச்சக் கத்தை 60 வகுத்தல் 525, அதாவது 0.11 எம்எம் தான், ஊசி முனை மாதிரி. இருட்டா சாம்பலா தான் தெரியும். பார்லோவ டப்பாலயே வெச்சிடுங்க. 20 எம்எம் போட்டா 35 மடங்கு, நிலாவுக்கு அது அருமையான பவர், முழு நிலாவும் உள்ள அடங்கும்.

தலைகீழா தெரியறது தப்பே இல்ல. ரெண்டு குவிலென்ஸ் வெச்ச டெலஸ்கோப் எல்லாமே அப்படித்தான், 1611ல கெப்ளர் எழுதுன டிசைன் அது. அவருக்கு ரெண்டு வருஷம் முன்னாடி கலிலியோ வெச்சிருந்ததுல ஐபீஸ் குழிலென்ஸ், அதுல நேரா தெரியும் ஆனா பாக்குற எடம் ரொம்ப குறுகல், சாவி ஓட்ட வழியா பாக்குற மாதிரி, நிலாவ முழுசா ஒரே நேரத்துல பாக்க முடியாது. வானத்துல மேலு ஏது கீழு ஏது, அதனால யாரும் அத நேராக்கணும்னு மெனக்கெடல. நேராக்கணும்னா நடுவுல இன்னொரு லென்ஸ் செட் வேணும், உங்க 1.5 எக்ஸ் எரெக்டிங் அதான், ஆனா கூட ஒவ்வொரு லென்ஸும் கொஞ்சம் வெளிச்சத்த தின்னும், மெடிக்கல் போர்டு படிக்க மட்டும் போட்டுக்கோங்க.

எல்போ உள்ள 45 டிகிரில ஒரு சின்ன கண்ணாடி இருக்கும். டெலஸ்கோப் மேல கீழையும் மாத்தும் இட வலத்தையும் மாத்தும், கண்ணாடி ஒரே ஒரு தடவ பிரதிபலிக்கிறதால அதுல ஒண்ண மட்டும் சரி பண்ணிடும், இன்னொண்ணு அப்படியே நிக்கும். அதான் ஆம்புலன்ஸ் எழுத்து. ஒத்தப்படைல பிரதிபலிச்சா எழுத்து திரும்பும், ரெட்டப்படைல பிரதிபலிச்சா திரும்பாது, இத பொண்ணுகிட்ட சொல்லி வீட்டுல ரெண்டு மொகம் பாக்குற கண்ணாடிய எல் ஷேப்ல நிக்க வெச்சு நடுவுல செய்ற மூலைல பாக்க சொல்லுங்க, அதுல கை ஆட்டுனா தெரியும்.

பைனாகுலர் சூட்சுமமும் இதான். அதுலயும் தலைகீழ் பிம்பம் தான் உண்டாகுது, ஆனா உள்ள ஒவ்வொரு பக்கமும் ரெண்டு ரெண்டு முக்கோண ப்ரிசம் ஒண்ணுக்கொண்ணு குறுக்கா உக்காந்திருக்கு. ஒரு ப்ரிசம் மேல கீழ திருப்பும், இன்னொண்ணு இட வலம் திருப்பும், மொத்தம் நாலு பிரதிபலிப்பு, ரெட்டப்படை, நேரா வந்துடும். ப்ரிசம்னா வானவில் காட்டுற சாமான் தானன்னு கேப்பாங்க, இங்க அது மொகம் பாக்குற கண்ணாடியோட வேலை செய்யுது, பாதரசம் கூட பூசாம. ப்ரிசத்துக்குள்ள போற வெளிச்சம் அதோட சுவத்துல 41 டிகிரிக்கு மேல சாஞ்சு மோதுனா வெளிய போக முடியாது, மொத்தமும் உள்ளயே திரும்பிடும், ப்ரிசத்துல 45ல மோத விடறாங்க. கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி கண்ணுக்கு மேல தூக்கி கீழ இருந்து தண்ணி மட்டத்த பாருங்க, வெள்ளி மாதிரி மின்னும், அதே விஷயம் தான். வீட்டுக் கண்ணாடியவிட சுத்தமான கண்ணாடி இது, கருக்காது. கூடவே வெளிச்சத்த மடிச்சு மடிச்சு அனுப்புறதால நீட்டு குழாய் கைக்கு அடக்கமாயிடுது.

காவலூர் பத்தி அப்புறம் எழுதறேன், வீட்ல சாப்புட கூப்புடறாங்க.

ஒண்ணு மட்டும் இப்பவே. சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. டப்பால ஐபீஸ்ல திருகுற மாதிரி கருப்பு சன் ஃபில்டர் ஏதாவது இருந்தா தூக்கிப் போட்டுடுங்க, லென்ஸ் குவிக்கிற மொத்த சூடும் அது மேல தான் விழும், பட்டுனு வெடிச்சா அடுத்து இருக்கிறது கண்ணு. பகல்ல பொண்ணு தனியா மாடில அத வெச்சுக்கிட்டு இருக்காம பாத்துக்கோங்க.


ராணிப்பேட்டை சைட்டு:

இன்னாங்க இது, தலைகீழா தெரியுதுன்னு பயந்துகினு கீறீங்க. நான் சிவில் டிப்ளமோ முடிச்சு மொத மொதல்ல சைட்டுக்கு போனப்போ எங்க மேஸ்திரி கைல குடுத்தது பழைய டம்பி லெவலு, மட்டம் பாக்குற சர்வே டெலஸ்கோப்பு, அதுல ஸ்டாஃப்னு சொல்ற அளவுக் கோல் தலைகீழா தான் தெரியும், நம்பர் எல்லாம் கவுந்துகினு கீழ இருந்து மேல ஏறாம மேல இருந்து கீழ எறங்கும். ஒரு வாரம் ரீடிங் எல்லாம் தப்பு தப்பா எழுதி ஒரு காம்பவுண்டு சுவர் பேஸ்மென்ட்ட அரை அடி ஏத்திட்டேன், அன்னிக்கு வாங்குன திட்டு இன்னி வரைக்கும் காதுல கீது. அப்பால பழகிடுச்சு, கடைசில நேரா காட்டுற ஆட்டோ லெவல் வந்தப்போ அது தான் கஷ்டமா இருந்துச்சு, நம்புனா நம்புங்க.

இப்போ வர ஆட்டோ லெவல்ல ஒரு விஷயம் கீது, ஆலங்காயம் சார் சொன்ன ப்ரிசம், அத உள்ள மெல்லிய கம்பில ஊஞ்சல் மாதிரி தொங்க உட்டிருப்பான். ஸ்டாண்டு லேசா சாஞ்சிருந்தாலும் ப்ரிசம் தூக்கு குண்டு மாதிரி அதுவே செங்குத்தா நின்னுகினு பார்வைக் கோட்ட மட்டமா வெச்சிடும். குழாய தட்டிட்டு பாத்தா குறுக்கு கோடு ஆடி ஆடி அதுவே நிக்கும். யாரு யோசிச்சானோ.

டோட்டல் ஸ்டேஷன்னு தூரமும் கோணமும் அளக்குற சர்வே மிஷினு பாத்திருப்பீங்க, ரோடு போடும்போது ஒருத்தன் தூரமா ஒரு கோல் மேல வட்டமா ஒண்ணு வெச்சிகினு நிப்பான், அதுக்குப் பேரே ப்ரிசம் தான், நாங்க ப்ரிசம் பையன்னே கூப்புடுவோம். அறை மூலைல மூணு சுவரு சேருற மாதிரி மூணு பக்கம் வெச்ச ப்ரிசம், எந்த கோணத்துல வெளிச்சம் வந்தாலும் வந்த வழிலயே திருப்பி அனுப்பிடும், பையன் கொஞ்சம் கோணலா நின்னாலும் ஒண்ணும் ஆகாது. அதே சாமான் தான் பாப்பா பாக்குற நிலா மேலயும் கீது, 1969ல அப்பல்லோ 11 நூறு ப்ரிசத்த ஒரு தட்டுல அடுக்கி வெச்சிட்டு வந்தாங்க, இங்க இருந்து லேசர் அடிச்சா ரெண்டரை செகண்ட்ல திரும்பி வரும், தூரம் அளக்கலாம். நம்ம விக்ரம் லேண்டர்லயும் 2023ல அந்த மாதிரி ஒரு குட்டி செட்டு போயிருக்கு. உங்க டெலஸ்கோப்புல அது தெரியாது, 60 எம்எம்ல நிலா மேல மூணரை கிலோமீட்டருக்கு கொறஞ்ச எதுவும் பிரியாது, பெரிய பள்ளம் தான் தெரியும்.

சர்வே பத்தி பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், 1802ல பரங்கிமலை பக்கம் அடிக்கோடு அளந்து இந்தியாவ அளக்குற பெரிய சர்வேய லாம்ப்டன் ஆரம்பிச்சாரே, அவரு தூக்கிகினு போன தியோடலைட்டு, கோணம் அளக்குற கருவி, அரை டன்னு. ஸ்டாண்டு ஆடுதுன்னு சொல்றீங்களே, அதுக்கு ஒரே வைத்தியம், மூணு காலுக்கு நடுவுல ஒரு பையில மணலு கட்டி தொங்க உடுங்க. பாலாத்து மணலா இருந்தா இன்னும் விசேஷம், ஆனா இப்போ எங்க கெடைக்குது.


கண்ணாடிக்கடை:

நான் காட்பாடில ஆப்டிகல்ஸ் கடைல பதினாலு வருஷமா லென்ஸ் எட்ஜிங், அதாவது ஃபிரேமுக்கு ஏத்த மாதிரி லென்ஸ் ஓரத்த வெட்டுற வேலை பண்றேன். ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டாங்க, ஊதா கோட்ட யாரும் தொடல, அது என் ஏரியா.

மொதல்ல ஒரு வேடிக்கை. நாங்க லென்ஸ் பவர டயாப்டர்ல சொல்வோம், ஒரு மீட்டர குவிய தூரத்தால வகுத்தா பவர். உங்க டெலஸ்கோப் முன்னாடி லென்ஸ் 700 எம்எம்னா பவர் பிளஸ் 1.43 தான் மா! நாப்பது தாண்டுனவங்க பேப்பர் படிக்க போடற கண்ணாடி அளவு. எல்லாரும் முன்னாடி லென்ஸ் தான் பயங்கர பவரா இருக்கும்னு நெனைக்கிறாங்க, அது உல்டா. உங்க 20 எம்எம் ஐபீஸ் தான் பிளஸ் 50. 50ஐ 1.43 ஆல வகுத்தா வர்றது தான் உங்களுக்கு 35 மடங்கா வருது.

இப்போ கலர். லென்ஸ்னா என்ன, ஓரத்துல பாத்தா அதுவும் ஒரு ப்ரிசம் தான், நடுவுல தடிச்சு ஓரத்துல மெலிஞ்சு. ப்ரிசம் நீலத்த அதிகமா வளைக்கும் செவப்ப கம்மியா வளைக்கும், அப்போ நீலம் ஒரு எடத்துல குவியும் செவப்பு இன்னும் கொஞ்சம் தள்ளி குவியும், ஒண்ண ஃபோகஸ் பண்ணா இன்னொண்ணு ஓரத்துல வழியும். எங்க கடைக்கே இந்த கம்ப்ளெயின்ட் வரும், ஒடையாத லென்ஸ் வேணும்னு பாலிகார்பனேட் போட்டுட்டு போறவங்க ரெண்டு நாள் கழிச்சு வந்து ட்யூப்லைட் ஓரத்துல கலர் தெரியுதுன்னு சொல்வாங்க. எவ்ளோ கலர் பிரியும்ங்கிறதுக்கு அபே நம்பர்னு ஒண்ணு இருக்கு, சாதா பிளாஸ்டிக் லென்ஸுக்கு 58, பாலிகார்பனேட்டுக்கு 30, நம்பர் கொறைய கொறைய கலர் ஜாஸ்தி.

டெலஸ்கோப் செய்றவங்க இத ஒரு தந்திரமா மாத்திட்டாங்க. கலர் கம்மியா பிரிக்கிற கிரவுன் கண்ணாடில ஒரு குவிலென்ஸ், கலர் அதிகமா பிரிக்கிற ஃபிளின்ட் கண்ணாடில ஒரு குழிலென்ஸ், ரெண்டையும் ஒட்டி வெச்சா மொதல்ல பிரிஞ்ச கலர ரெண்டாவது சேத்துடும், ஆனா வளைக்கிற பவர் முழுசா போயிடாம மிச்சம் நிக்கும். 1758ல லண்டன்ல டாலண்ட்னு ஒருத்தர் இதுக்கு பேட்டன்ட் வாங்குனார். அக்ரோமேட்னு பேரு. முழுசா கலர் போகாது, ரெண்டு கலர ஒரே எடத்துல சேக்கும், மிச்சம் கொஞ்சம் ஊதா நிக்கும்.

உங்களுதுல ரெண்டு லென்ஸ் இருக்கா ஒண்ணு தானான்னு கழட்டாமயே பாக்கலாம். முன் லென்ஸ்ல ட்யூப்லைட் பிரதிபலிப்ப எண்ணுங்க. ரெண்டே ரெண்டு லைட் தெரிஞ்சா ஒத்த லென்ஸ். மூணோ நாலோ தெரிஞ்சா ரெண்டு லென்ஸ், ஒண்ணு மங்கலா இருக்கும் நல்லா பாக்கணும்.

இன்னொண்ணும் பாருங்க. நிலாவ சுத்தி எல்லா பக்கமும் ஊதான்னா அது முன் லென்ஸ். ஒரு ஓரம் செவப்பு நேர் எதிர் ஓரம் நீலம்னா லென்ஸ் மேல பழி போடாதீங்க, ஒண்ணு நிலா ஐபீஸோட நடுவுல இல்லாம ஓரத்துல இருக்கும், இல்ல நிலா ரொம்ப தாழ்வா இருக்கும். தாழ்வா இருக்கும்போது காத்தே ஒரு பெரிய ப்ரிசம் மாதிரி கலர பிரிச்சுடும். உச்சிக்கு வந்தப்புறம் பாத்தா போயிடும்.

பாப்பாவுக்கு ஆர்வம் இருந்தா நம்ம கடை மாதிரி எங்கயாவது பிளஸ் 1.00 பவர்ல வெட்டாத லென்ஸ் ஒண்ணு கேளுங்க, வெல ரொம்ப ஆகாது, குவிய தூரம் சரியா ஒரு மீட்டர். பிவிசி பைப்பு ஒரு மீட்டர், பின்னாடி 5 சென்டிமீட்டர் குவிய தூரம் இருக்கிற பூதக்கண்ணாடி, 20 மடங்கு டெலஸ்கோப் ரெடி. ஆனா லென்ஸ் முன்னாடி கருப்பு அட்டைல ஒரு ரூபா காசு அளவு ஓட்ட போட்டு ஒட்டணும், முழு லென்ஸையும் திறந்து விட்டா ஓரமெல்லாம் கலங்கும், கலிலியோவே தன் லென்ஸ அப்படி மறைச்சு தான் வெச்சிருந்தார்.

கொசுறா ஒண்ணு, எங்க தொழில்லயும் ப்ரிசம் உண்டு. கண்ணு ரெண்டும் ஒரே எடத்த பாக்காம ஒரு பொருள் ரெண்டா தெரியறவங்களுக்கு கண்ணாடிலயே ப்ரிசம் வெச்சு குடுப்போம், ஒரு ப்ரிசம் டயாப்டர்னா ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறத ஒரு சென்டிமீட்டர் நகத்திக் காட்டும். மொத தடவ போட்டுப் பாத்துட்டு ஒரு தாத்தா, ஏம்மா ரெண்டு பொண்டாட்டி ஒண்ணாயிட்டாளேன்னாரு.


குடியாத்தம் தீப்பெட்டி:

எதுக்கு இவ்ளோ பாடம். அந்த பொம்மைய பரண்ல போட்டுட்டு ஒரு 114 எம்எம் ரிஃப்ளெக்டர், லென்ஸுக்கு பதிலா கண்ணாடி வெச்சது, வாங்குங்க மேடம், கலரும் வராது ஒண்ணும் வராது. லென்ஸ் டெலஸ்கோப் எல்லாம் பழைய காலம். நம்ம வேலூர் மாவட்டம் காவலூர்லயே கண்ணாடி தான் வெச்சிருக்கான்.


ஆலங்காயம் ரோடு:

தீப்பெட்டி சார் வந்தாலே பத்த வெச்சிட்டு தான் போவீங்க. காவலூர் 2019ல இருந்து திருப்பத்தூர் மாவட்டம், பழைய ஆளுங்க கிட்ட கேட்டா வட ஆற்காடும்பாங்க. மாவட்டம் எதுவா இருந்தா என்ன, ஜவ்வாது மலை நவுறப் போறதில்ல.

சாப்டாச்சு, காவலூர் கதைக்கு வரேன். அங்க பெரிய டெலஸ்கோப், வானியல் விஞ்ஞானி வைணு பாப்பு பேர்ல இருக்கிறது, கண்ணாடி விட்டம் 2.34 மீட்டர். 1986 ஜனவரில ராஜீவ் காந்தி வந்து தொறந்து வெச்சார். அந்த கண்ணாடிய தேய்ச்சு மெருகேத்துனது பெங்களூர்ல நம்ம ஆளுங்களே. ஏன் லென்ஸ் வெக்கலன்னா, பொண்ணு மிஸ் சொன்னது சரி தான், ஆனா காரணம் லென்ஸ் மட்டம்ங்கிறது இல்ல. லென்ஸ் வழியா வெளிச்சம் ஊடுருவி போகணும், அதனால அத ஓரத்துல மட்டும் தான் புடிச்சு நிறுத்த முடியும், பெருசாக பெருசாக தன் எடைலயே நடுவுல தொய்யும், உள்ள ஒரு குமிழி இல்லாத கண்ணாடி வாக்கணும், ரெண்டு லென்ஸுக்கு நாலு பக்கம் தேய்க்கணும். அமெரிக்கால யெர்க்ஸ்னு ஒரு எடத்துல 1897ல 102 சென்டிமீட்டர்ல வெச்சாங்க, வேலைக்குன்னு வெச்ச லென்ஸ் டெலஸ்கோப்புல இன்னிக்கு வரைக்கும் அதான் பெருசு. கண்ணாடிக்கு ஒரே ஒரு பக்கம் தான் முக்கியம், முதுகு பூராவும் தாங்கு குடுக்கலாம். கலரும் பிரியாது, ஏன்னா பிரதிபலிக்கும்போது எல்லா கலரும் ஒரே கோணத்துல தான் திரும்பும். நியூட்டன் 1668ல மொத கண்ணாடி டெலஸ்கோப் பண்ணதே கலர் தொல்லைல இருந்து தப்பிக்கத்தான், லென்ஸ்ல கலர போக்கவே முடியாதுன்னு அவரு நெனச்சிட்டாரு.

ஆனா தீப்பெட்டி சார், கண்ணாடிக்கும் சங்கடம் இருக்கு. ரிஃப்ளெக்டர் வாங்குன மறுநாள் ரோட்டுல ஆட்டோல ஒரு குலுக்கு குலுக்குனா ரெண்டு கண்ணாடியும் நேர் கோட்டுல இருந்து விலகும், ஸ்க்ரூ திருகித் திருகி சரி பண்ணணும், எட்டாவது படிக்கிற புள்ளைக்கு மொத டெலஸ்கோப்பா அது ரோதனை. இன்னொண்ணு, லென்ஸ் பக்கம் தேய்க்கிறதுல வர தப்பு பாதியாகும், கண்ணாடில வர தப்பு ரெட்டிப்பாகும், ஏன்னா வெளிச்சம் போயிட்டு திரும்பி வருது. அதனால கண்ணாடிய லென்ஸவிட நாலு மடங்கு துல்லியமா தேய்க்கணும். மலிவு ரிஃப்ளெக்டர்ல அத யாரு பண்றான்?

டெலஸ்கோப் கண்ணாடி நம்ம வீட்டுக் கண்ணாடி மாதிரி இல்ல, பூச்சு முன் பக்கமே இருக்கும். வீட்டுக் கண்ணாடில பென்சில் முனைய வெச்சுப் பாருங்க, முனைக்கும் அதோட பிம்பத்துக்கும் நடுவுல ஒரு இடைவெளி தெரியும், பூச்சு பின்னாடி இருக்கிறதால. டெலஸ்கோப்புல அப்படி இருந்தா ஒவ்வொரு நட்சத்திரமும் ரெண்டா தெரியும். அதனால முன் பக்கம் வெற்றிடத்துல வெச்சு அலுமினியம் ஆவியா படிய விடுவாங்க, முடியோட தடிமன்ல பல நூறுல ஒரு பங்கு தான் இருக்கும், நாளாக நாளாக மங்கும், கண்ணாடிய கழட்டி திரும்பவும் பூசணும்.

வெளிச்சம் வாங்குறதுல தான் காவலூர் கெத்து. நம்ம கண்மணி இருட்டுல 7 எம்எம் விரியும். உங்க 60 எம்எம் அதவிட 73 மடங்கு வெளிச்சம் வாங்கும், காவலூர் கண்ணாடி ஒரு லட்சத்து பத்தாயிரம் மடங்குக்கு மேல. அங்கேயே 1972ல வெச்ச 1 மீட்டர் டெலஸ்கோப் ஒண்ணும் இருக்கு, 1977 மார்ச்ல யுரேனஸ் ஒரு நட்சத்திரத்த மறைச்சப்போ அதோட வெளிச்சம் முன்கூட்டியே மங்குனது அங்கயும் பதிவாச்சு, அப்படித்தான் யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு உலகத்துக்கு தெரிய வந்துச்சு.

அப்புறம் அங்க வர வெளிச்சத்த யாரும் சும்மா கண்ணால பாத்துட்டு போறதில்ல, கலர் கலரா பிரிச்சு அளக்குறாங்க. கீறல் போட்ட கிரேட்டிங்னு ஒரு தகடு தான் முக்கிய வேலை செய்யும், அதுல ஒண்ணு மேல ஒண்ணா விழற கலர் பட்டைகள தனித்தனியா பிரிக்க ப்ரிசம் வெக்கிறதும் உண்டு. நம்ம பக்கத்து ஆந்திராவுல குண்டூர்ல 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தப்போ ஜான்சன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இந்த மாதிரி ப்ரிசம் வெச்ச கருவில தான் சூரிய ஓரத்து சுடர பாத்தார். அந்த கிரகணத்துல பாத்த ஒரு மஞ்சக் கோட்ட மொதல்ல சோடியம்னு நெனச்சாங்க, அது ஹீலியம், பூமில கெடைச்சது 1895ல தான். அதாவது லென்ஸ்ல திருட்டுத்தனமா வந்து தொல்ல குடுக்கிற அதே கலர் பிரியிற குணம், ப்ரிசத்துல வேணும்னே பண்ணா ஒரு புது தனிமத்தையே புடிச்சுக் குடுக்குது.


சத்துவாச்சாரி மாடிவீடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, உக்காந்து பொண்ணுக்கு படிச்சுக் காட்டுனேன், ரெண்டு பொண்டாட்டி தாத்தாவ மட்டும் விட்டுட்டேன். ட்யூப்லைட் எண்ணுனோம், மூணு தெளிவா ஒண்ணு மங்கலா, மொத்தம் நாலு. அப்போ ரெண்டு லென்ஸ் தானே? அவளுக்கு ஒரே சந்தோஷம்.

மணல் பை கட்டுனோம் (மணல் இல்ல, பச்சரிசி மூணு கிலோ, எங்க மாமியார் பாத்த பார்வை), ஆடுறது பாதி கொறஞ்சிடுச்சு.

இப்போ புது கேள்வி கெளப்பிட்டா. கண்ணாடி டெலஸ்கோப் படத்துல நடுவுல ஒரு குட்டி கண்ணாடி நிக்குதாம், அது முன்னாடி இருந்து வர வெளிச்சத்த மறைக்குமே, அப்போ நிலா நடுவுல ஒரு கருப்பு ஓட்ட தெரியாதான்னு கேக்குறா. எனக்கும் நியாயமா தான் படுது.


கண்ணாடிக்கடை:

நாலு லைட்டுன்னா ரெண்டு லென்ஸ், நடுவுல காத்து விட்டது, நல்ல டிசைன் தான் மா. மூணு தெரிஞ்சிருந்தா ஒட்டுனது.

ஓட்ட கேள்விக்கு பதில் சொல்ல வேணாம், அவளையே செஞ்சு பாக்க சொல்லுங்க. நிலாவ ஃபோகஸ் பண்ணிட்டு முன் லென்ஸ்ல பாதிய அட்டையால மறைக்கட்டும். பாதி நிலா தெரியும்னு பந்தயம் கட்டுவா.


ராணிப்பேட்டை சைட்டு:

நானும் பாதி நிலான்னு தான் பந்தயம் கட்டுவேன், நம்மள இதுல இழுக்காதீங்க.


சத்துவாச்சாரி மாடிவீடு:

நேத்து ராத்திரி பண்ணோம். எட்டு மணிக்கு போனா மாடி தரை சுட்டுச்சு, இந்த ஊரு வெயில் உங்களுக்கே தெரியும், நிலா கொதிக்கிற தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி நெளிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பதினோரு மணிக்கு மறுபடி போனோம், நல்லா நின்னுச்சு, ஓரத்து கலரும் பாதிக்கு மேல காணாம போச்சு, கடைக்கார அக்கா சொன்ன மாதிரி நிலா அப்போ மேல ஏறியிருந்துச்சு.

அட்டைய வெச்சு பாதிய மறைச்சா நிலா முழுசா அப்படியே இருக்கு! கொஞ்சம் மங்கல் அவ்ளோ தான். அஞ்சு ரூபா காசு ஒண்ண டேப்ல நடுவுல ஒட்டிப் பாத்தா, ஓட்டையும் இல்ல ஒண்ணும் இல்ல. அவ அட்டைய எடுக்குறா வெக்குறா எடுக்குறா வெக்குறா, பத்து தடவ. பாதி நிலா தான்னு பந்தயம் கட்டுனது நான் தான், தோத்து ஒரு ஆற்காடு மக்கன் பேடா பாக்கி.


ஆலங்காயம் ரோடு:

ஆமா அக்கா, லென்ஸோட ஒவ்வொரு துண்டும் தனித்தனியா முழு நிலாவையும் அதே எடத்துல வரையுது, பாதிய மறைச்சா வரையிற ஆளு கொறையும், படம் கொறையாது. கண்ணாடிலயும் அப்படித்தான், நடுவுல நிக்கிற குட்டி கண்ணாடி கொஞ்சம் வெளிச்சத்த திருடும், நுணுக்கத்துல ஒரு பொட்டு கொறைக்கும், ஓட்டையா தெரியாது. காசு ஒட்டுன டேப்பு பசை லென்ஸ்ல படலையே? பட்டிருந்தா சட்டைல தேய்க்காதீங்க.

காவலூர் போகணும்னு சொல்லுவா, வாணியம்பாடி வந்து ஆலங்காயம் வழியா மேல ஏறணும். பொதுமக்கள சனிக்கிழமை விடுவாங்க, மேகம் இருந்தா வானம் காட்ட மாட்டாங்க, கெளம்பறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கோங்க. ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, சத்துவாச்சாரி மாதிரி இருக்காது.


சத்துவாச்சாரி மாடிவீடு:

பசை பட்டுடுச்சு. இப்போ என்ன பண்ணணும்?


கண்ணாடிக்கடை:

நான் நெனச்சேன். ஊதி தூசிய மட்டும் மொதல்ல தட்டுங்க, தேய்க்க வேணாம். அப்புறம் சுத்தமான பருத்தித் துணில லென்ஸ் கிளீனர் ரெண்டு சொட்டு, லென்ஸ் மேல நேரா ஊத்தாதீங்க, நடுவுல இருந்து ஓரத்துக்கு அழுத்தாம ஒரே இழுப்பு. போகலன்னா கடைக்கு கொண்டாங்க, பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க, பிளஸ் 1.00 லென்ஸ் ஒண்ணு ஸ்டாக்ல இருக்கு.